தட்டோடு வந்த கூட்டம்

அத்தியாயம் ஒன்பது

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நடந்த கெடுதல்களில் அதுதான் முதலாவது.

ஒரு வாரமாகச் சிரம்பா ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கப்புலானாத் துணிகளைத் துவைத்து வேலி நெடுகக் காயப் போட்டிருந்தார்கள். வானத்தில் மேகமே கிடையாது. பூஸி ஆறு மட்டும் நிறம் மாறியிருந்தது. நேற்றுவரை பழுப்பாக ஓடிய தண்ணீர் இன்று காலை செங்கல்லைக் கரைத்த நிறத்தில் வந்தது. ஆறு பிறக்கும் மலைநாட்டில் எங்கோ கொட்டித் தீர்த்திருக்கிறது.

பெல்மிரா ஆற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் மகள் ஒலிந்தா மக்காச்சோள மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டது இருவருக்கும் இன்னும் ஆறவில்லை.

பெருஞ்சூறாவளி ஊரை அழித்துவிட்டுப் போன பிறகு, வெள்ளம் வரும் முன்பே ஊரை எழுப்ப ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவி பெல்மிரா. உதவி நிறுவனம் ஒன்று கொடிகளும் விசில்களும் ஆரஞ்சு நிற மேல்சட்டைகளும் கொடுத்தது. ஊரின் இளவட்டங்கள் எல்லாம் ஆசையாகச் சேர்ந்தார்கள். வருடங்கள் போகப் போக ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசிவரை நின்ற நாலு பேரில் பதினாறு வயது ஒலிந்தாவும் ஒருத்தி. போன ஞாயிறு பயிற்சிக்கு நிறுவனத்தின் விருந்தாளிகள் கேமராவோடு வந்து, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். “இன்னும் கொஞ்சம் அழு, பெண்ணே” என்றார்கள். அன்று மாலை ஒலிந்தா தன் மேல்சட்டையை மடித்து, அதன் மேல் விசிலை வைத்து, அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“சாயங்காலம் பசங்களைக் கூப்பிட்டிருக்கேன். கயிறு முடிச்சு பழகலாம்னு” என்று பெல்மிரா மெதுவாக ஆரம்பித்தாள். “நீ வந்தா மத்தவங்களும் வருவாங்க.”

“முடிச்சு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சதைத்தான் மறுபடியும் மறுபடியும் செய்யணும். ஜெபம் மாதிரி.”

“ஜெபம் பண்றப்போ யாரும் கேமரா வைக்கலையே அம்மா.”

பெல்மிராவுக்குச் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டாள்.

“சரி, நீயே சொல்லு. என்ன செஞ்சா நீங்க எல்லாம் திரும்பி வருவீங்க?”

ஒலிந்தா சல்லடையைக் கீழே வைத்தாள். “நான் சொல்லாததா? மேட்டுக்கு ஏறிப் பழகலாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நீங்க பள்ளிக்கூடத்தை விட்டு அசைய மாட்டேங்கறீங்க.”

“அந்த மரப்பாலத்துல அவங்க வண்டி ஏறாதுடி.”

“வெள்ளம் என்ன, வண்டியிலயா வரப்போகுது?”

சிரம்பாவில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். ஊர் இருப்பது ஆற்றங்கரையில். ஊருக்குப் பின்னால் சாலையோரம் பள்ளிக்கூடம். அதற்கும் பின்னால் ரூவே ஓடை. ஓடையைத் தாண்டினால் மேடு. மேட்டின் உச்சியில் சிற்றாலயம். ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் ஓடைக்குள்தான் பின்வாக்கில் ஏறும். பள்ளிக்கூடம் தீவாகிவிடும். தப்பிக்க இடம் மேடுதான்.

ஆனாலும் பயிற்சி நடப்பதெல்லாம் பள்ளி மைதானத்தில். அங்கேதான் விருந்தாளிகளின் வண்டி நிற்கும், நிழல் இருக்கும். பயிற்சி முடிந்ததும் மாமரத்தடியில் அடுப்பு மூட்டி ஊருக்கே சோறு போடுவார்கள்.

“ஒலிந்தா,” பெல்மிராவின் குரல் தணிந்தது. “போன வருஷம் விளைச்சல் கருகினப்போ அந்த ஒரு வேளைச் சோறுதான் எத்தனையோ பிள்ளைங்களுக்கு அந்த வாரத்துச் சாப்பாடு. மேட்டுலதான் பழகுவோம்னு நான் சொல்லியிருந்தா அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. நான் அந்த வயித்தைப் பாத்தேன். அது தப்பா?”

ஒலிந்தா எழுந்து துணியை உதறினாள். “தப்புன்னு நான் சொல்லல. ஆனா அதுக்குப் பேரு பயிற்சின்னு சொல்லாதீங்க.”

அவள் போய்விட்டாள். தலை பின்னிக்கொள்ள ஓடைப் பாலத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போகிறாள் என்று பெல்மிராவுக்குத் தெரியும். கூப்பிடவில்லை.

கைபேசி அடித்தது அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான்.

அழைத்தவன் அவள் தம்பி ஸெபானியாஸ். ஆற்றின் மேல்பகுதியில், அளவுக் கம்பம் நட்டிருக்கும் ஊரில் இருப்பவன். தண்ணீர் ஏறினால் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது அவன் வேலை.

“அக்கா! விடிஞ்சதுலேர்ந்து அடிக்கறேன், இப்பத்தான் கிடைச்சிருக்கு. கம்பத்துல சிவப்புக் கோடே தெரியல. முங்கிப் போச்சு.”

“என்னடா சொல்றே? இங்க வெயில் அடிக்குது.”

“வெயிலைப் பாக்காதே அக்கா. பொழுது சாயறதுக்கு முன்னாடி உங்க ஊருக்கு வந்துடும். மரம் மரமா அடிச்சுக்கிட்டு வருது. இப்போ ஒரு கூரை போச்சு, முழுசா, அது மேல கோழி—”

அத்தோடு குரல் நின்றுவிட்டது. பெல்மிரா திரும்பத் திரும்ப அழைத்தாள். மறுமுனை கிடைக்கவே இல்லை.

அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சிவப்புக் கொடியை எடுத்தாள்.

*

குழுவில் மிச்சமிருந்த பிள்ளைகள் மூன்றே பேர். மூவரும் விசில் ஊதிக்கொண்டு சந்து சந்தாக ஓடினார்கள். பெல்மிரா சைக்கிளில் ஏறி, ஒரு கையில் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“தண்ணி வருது! மேட்டுக்குப் போங்க! எல்லாரும் மேட்டுக்குப் போங்க!”

கதவுகள் உடனே திறந்தன. அவள் நெஞ்சு குளிர்ந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் ஜனங்கள் வெளியே வந்தார்கள். தாய்மார் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டார்கள். கிழவர்கள் தடியை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோர் கையிலும் தட்டு இருந்தது.

பெல்மிரா சைக்கிளை நிறுத்தினாள். எனாமல் தட்டு, பிளாஸ்டிக் கிண்ணம், குழம்புச் சட்டி. ஒரு பொடியன் பெரிய கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தான். கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கிப் போனது.

“பெல்மிரா, இன்னைக்கு அரிசியா, பிஸ்கட்டா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“போன தடவை சோப்பு குடுத்தாங்களே, இந்தத் தடவையும் உண்டா?” இது இன்னொருத்தி.

“ஐயோ, இது பயிற்சி இல்ல! மேட்டுக்குப் போங்க! ஸெபானியாஸ் போன் பண்ணினான், நிஜமாவே தண்ணி வருது!”

“நல்லா செய்யற, பெல்மிரா” என்று ஒரு கிழவர் தடியை ஊன்றி நின்று பாராட்டினார். “போன தடவையை விட நல்லா இருக்கு. அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குப் பிடிக்கும்.”

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். அதுதான் பெல்மிராவைக் கலங்கடித்தது.

விசில் சத்தம் கேட்டால் பள்ளி மைதானம், மைதானம் என்றால் சோறு. இத்தனை வருடமாக இந்த ஊரின் கால்களுக்கு அவள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பிள்ளைகள் அதைப் பிசகாமல் கற்றிருந்தார்கள். பெரியவர்களும்தான்.

*

ஒலிந்தாவுக்குத் தலை பாதிதான் பின்னியிருந்தது. கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் மேல் அடெலினு சாய்ந்து கிடந்தான். அவனும் ஒரு காலத்தில் குழுவில் இருந்தவன்தான். பதினேழு வயது, வாய் மட்டும் நாற்பது.

“ஏய், விசில். உங்கம்மா ஆரம்பிச்சுட்டாங்க.”

“ஆரம்பிக்கட்டும்.”

“எனக்கு எத்தனை தடவை கால் ஒடிஞ்சிருக்கு தெரியுமா? ஒவ்வொரு பயிற்சிலயும் நான்தான் கால் ஒடிஞ்சவன். ஸ்டிரெச்சர்ல தூக்குவாங்க, கீழே போடுவாங்க. நிஜமா ஒடிஞ்சது கடைசித் தடவை அவங்க கீழே போட்டப்போதான், அதுவும் இடுப்பு.”

தலை பின்னுகிறவள் சிரித்தாள். ஒலிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் சாலையில் கூட்டம் தெரிந்தது. தட்டுகள் வெயிலில் பளபளத்தன.

“அவங்க வண்டி வந்த மாதிரியே தெரியலையே” என்றான் அடெலினு.

ஒலிந்தா சீப்பைக் கழுவும் சாக்கில் எழுந்து ஓடைக்கு இறங்கினாள். மனசு ஏனோ சரியில்லை. அம்மா காலையில் அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கெஞ்சினாள். அது உறுத்திக்கொண்டிருந்தது.

ஓடைத் தண்ணீரில் மாவிலைச் சருகு ஒன்று மிதந்து வந்தது. ஒலிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சருகு அவளைக் கடந்து, மெல்லச் சுழன்று, மேட்டுப் பக்கமாகப் போனது.

ஓடை எப்போதும் மேட்டிலிருந்து ஆற்றுக்குத்தான் ஓடும்.

“அடெலினு.”

“என்ன?”

“ஓடை பின்வாக்குல ஓடுது.”

“உனக்குத் தலையைப் பாதி பின்னினதுல மூளையும் பாதி…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இன்னொரு சருகு வந்தது. அதன் பின்னால் ஒரு செருப்பு வந்தது. இரண்டும் மேட்டை நோக்கிப் போயின.

சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் அவ்வளவு அமைதியாக ஏறிக்கொண்டிருந்தது.

இருவரும் ஓடினார்கள்.

*

பள்ளி மைதானத்தில் ஜனங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டைத் தங்கள் முன்னால் வைத்திருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக உட்காரச் சொல்லிக் கொடுத்ததும் பெல்மிராவின் குழுதான்.

பெல்மிராவின் தொண்டை கட்டிவிட்டது. மெகாபோனில் காற்றுதான் வந்தது. மகளைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்கடி. சோறு வரட்டும், அப்புறம் போலாம்கறாங்க.”

“அம்மா, ஓடை ஏறுது. பாலத்துக்கு இன்னும் ஒரு முழம்தான் இருக்கு.”

பெல்மிரா சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒலிந்தாவின் விசிலை எடுத்தாள். மகளிடம் நீட்டினாள். ஒலிந்தா வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் சமாதானம் அவ்வளவுதான்.

ஒலிந்தா கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மாமரத்தடியில் இருந்தது. அங்கே எப்போதும் பெரிய பானைகள் இருக்கும். இன்று அணைந்த அடுப்புக் கற்கள் மட்டும் இருந்தன.

“அம்மா, இவங்க பானை எங்கே இருக்கோ அங்கேதான் வருவாங்க. மேட்டுல சோறுன்னு சொல்லிடுங்க.”

“மேட்டுல சோறு ஏது?”

“சொல்லுங்கம்மா. ஏறினப்புறம் பாத்துக்கலாம்.”

பெல்மிரா தலையை ஆட்டினாள். “மாட்டேன். இன்னைக்குப் பொய் சொல்லி ஏத்திட்டா, இன்னொரு நாள் இந்த விசிலை ஊதறப்போ ஒருத்தன்கூட எழுந்திருக்க மாட்டான். ஏற்கெனவே நான் பண்ணின தப்பைத்தான் நீ பாக்கறியே. அது மேல பொய்யையும் ஏத்தச் சொல்லாதே.”

“உயிர் போகுதும்மா!”

“அதனாலதான் சொல்றேன்.”

ஒலிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அம்மாவின் முகத்தில் பிடிவாதம் இல்லை. பயம்தான் இருந்தது. பயத்திலும் அவள் பொய்க்கு இறங்கவில்லை.

“அப்போ பொய் இல்லாம பண்ணிடுவோம்” என்றாள் ஒலிந்தா. “அடெலினு, பள்ளிக்கூடத்துல இருக்கற ஸ்டிரெச்சரை எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்கு வா. குழுவை விட்டுட்டு டோமினோ ஆடறவனுங்க எல்லாரையும் இழுத்துட்டு வா.”

“வரமாட்டோம்னு சொன்னா?”

“பயிற்சி இல்லன்னு சொல்லு. வருவாங்க.”

*

அத்தை தொமாசியா, ஒலிந்தாவின் அப்பாவுக்கு அக்கா. பெல்மிராவோடு அவளுக்குப் பேச்சு கிடையாது. தம்பி பெய்ரா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வராமல் இருப்பதற்கு, பெல்மிரா வீட்டைக் கவனிக்காமல் குழு குழு என்று அலைவதுதான் காரணம் என்பது அவள் முடிவு. விசில் ஊதினால் வீட்டை விட்டு வராத ஒரே ஆள் அவள்.

வீட்டில் கல்யாணக் களை இருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் அவள் மகளுக்குக் கல்யாணம். மாவு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. கருவாட்டுக் கூடைகள் தொங்கின. புத்தம்புது அலுமினியப் பானைகள் வாயில் துணி கட்டி நின்றன.

“உங்கம்மா அனுப்பினாளா?” என்றாள் தொமாசியா, திரும்பிப் பார்க்காமலே.

“இல்ல அத்தை, நானாத்தான் வந்தேன்.”

“என்ன வேணும்?”

“மாவு. கருவாடு. பானை.”

தொமாசியா திரும்பினாள். “ஏண்டி, வெயில்ல மண்டை காஞ்சு போச்சா? கல்யாணத்துக்கு வெச்சதுடி அது. பாதித் தலையோட வந்து நிக்கற, பாதிப் புத்தியோட பேசற.”

“ஓடை பின்வாக்குல ஓடுது அத்தை. ஊர் ஜனம் மொத்தமும் பள்ளிக்கூடத்துல தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சோறு இல்லாம எழுந்திருக்க மாட்டாங்க. மேட்டுல சோறுன்னு சும்மா சொல்லிடலாம்னு நான் சொன்னேன். அம்மா பொய் சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

தொமாசியா மாவு மூட்டைகளைப் பார்த்தாள்.

பெருஞ்சூறாவளியின்போது அவள் ஒரு முந்திரி மரத்தில் இரவும் பகலுமாகத் தொத்திக்கொண்டிருந்தவள். அதே கிளையில், எந்த ஊர் என்றே தெரியாத ஒருத்தி இருந்தாள். அவளிடம் நனைந்த ரொட்டி ஒன்று இருந்தது. கேட்காமலே அதைப் பிட்டுப் பாதியைத் தொமாசியாவின் கையில் திணித்தாள். அடுத்த விடியலில் அந்தக் கிளையில் தொமாசியா மட்டும்தான் இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பூசைக்குப் போகும்போதெல்லாம் பெயர் தெரியாத ஒருத்திக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு சரி.

அவள் எழுந்து பானைத் துணியை அவிழ்த்தாள்.

“என்னத்தடி பாத்துக்கிட்டு நிக்கற? மூட்டையைத் தரையில இழுத்தா கிழியும். அந்தக் கழுதைப் பயலுங்களை உள்ளே வரச் சொல்லு. செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு.”

*

அடெலினுவோடு ஒரு படையே வந்திருந்தது. குழுவை விட்டுப் போன பையன்கள், பெண்கள் எல்லோரும். மாவு மூட்டையை ஸ்டிரெச்சரில் கிடத்தி, சொல்லிக்கொடுத்திருந்தபடி நாலு மூலையில் நாலு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கினார்கள்.

“பாத்து, பாத்து” என்றான் அடெலினு. “இன்னைக்கு மாவு மூட்டைக்குத்தான் கால் ஒடிஞ்சிருக்கு.”

ஊர்வலம் பள்ளி மைதானத்தின் வழியாகப் போனது. முன்னால் தொமாசியா, தலையில் பெரிய பானை. பின்னால் கருவாட்டுக் கூடைகள், அதற்கும் பின்னால் ஸ்டிரெச்சர்.

மைதானத்தில் பேச்சு அடங்கியது.

பெல்மிரா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் இவளைப் பார்க்கவில்லை. நேராக நடந்தபடியே, “சொல்லு, பெல்மிரா. நிஜம்தான். சொல்லு” என்றாள்.

பெல்மிரா மெகாபோனை வாயில் வைத்தாள். கட்டிய தொண்டையில் வந்த மட்டும் சொன்னாள்.

“தொமாசியா அக்கா மேட்டுல சோறு போடறாங்க. அவங்க மக கல்யாண மாவு. தண்ணி வருது, அதனால மேட்டுல. தட்டை எடுத்துக்கிட்டு வாங்க.”

“கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தானே?” என்றது ஒரு குரல்.

“முன்னாடியே வெச்சுட்டாங்க போல. எழுந்திரு, கருவாடு போகுது!”

ஒரு வரிசை எழுந்தது. அடுத்த வரிசையும் எழுந்தது. சிரிப்பும் கும்மாளமுமாகக் கூட்டம் பானைக்குப் பின்னால் நடந்தது.

ஒலிந்தாவும் அடெலினுவும் முன்னே ஓடிப் பாலத்தில் பக்கத்துக்கு ஒருவராகக் கயிறு கட்டினார்கள். பனந்தடிகளை அடுக்கிய பாலம் அது. தண்ணீர் அதன் அடியை நக்கிக்கொண்டிருந்தது. பாலம் நெடுகப் பிள்ளைகள் நின்று, குழந்தைகளைக் கைக்குக் கை மாற்றினார்கள்.

பாலத்தின் நடுவுக்கு வந்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கீழே ஓடுவதைப் பார்த்தார்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தார்கள். பெல்மிராவைப் பாராட்டிய கிழவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“நிஜமாவா, குழந்தை?” என்று ஒலிந்தாவைக் கேட்டார்.

“நிஜம்தான் தாத்தா. நடங்க.”

அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். தடிகளின் மேல் கால்கள் படும் ஓசை மட்டும் கேட்டது.

*

மேட்டில் சிற்றாலயத்தின் பின்னால் அடுப்பு எரிந்தது. தொமாசியா களி கிண்டினாள். பெல்மிரா பக்கத்தில் போய்க் கருவாட்டைக் கழுவ உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, “உப்பு அந்த மூட்டையில இருக்கு” என்றாள் தொமாசியா. பெல்மிரா எடுத்துக் கொடுத்தாள்.

அடெலினு ஒலிந்தாவிடம் வந்து நின்றான். அவன் முகத்தில் கேலி இல்லை.

“நான் கட்டின பக்கத்துக் கயிறு அவுந்துடுச்சு. ஒரு அம்மா பிடிச்சுக்கிட்டு இருந்தப்போவே. நான் கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.” உள்ளங்கையைக் காட்டினான். தோல் உரிந்திருந்தது. “அந்த முடிச்சு எப்படிடீ போடறது?”

“சாப்பிட்டுட்டுச் சொல்லித் தரேன்.”

“இப்பவே சொல்லு.”

இன்னும் சில பிள்ளைகள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஒலிந்தா கயிற்றை எடுத்தாள். பெல்மிரா தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். பக்கத்தில் போக வேண்டும், நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. போகவில்லை. ஒரு இலையில் கொஞ்சம் பாமாயில் எடுத்து, “கைக்குப் போட்டுக்கச் சொல்லு” என்று ஒரு சிறுமியிடம் கொடுத்து அடெலினுவுக்கு அனுப்பினாள். பிறகு தம்பியின் எண்ணை மறுபடி அழைத்தாள். கிடைக்கவில்லை.

வெயில் சாய்ந்தது.

முதலில் கேட்டது ஒரு முனகல். மரம் முறிவதுபோல் நீளமாக வந்தது. எல்லோரும் எழுந்து மேட்டு விளிம்புக்குப் போனார்கள். பாலத்தின் பனந்தடிகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கி, திரும்பி, இருந்த இடத்தை விட்டுப் போயின. ஓடை இருந்த இடத்தில் இப்போது ஓடை இல்லை. செந்நிறத் தண்ணீர் பரந்து கிடந்தது. அதற்கு அப்பால் பள்ளிக்கூடமும் மைதானமும் மாமரமும் இன்னும் தண்ணீருக்கு மேலே நின்றன.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று பெல்மிரா முழங்காலிட்டாள். “ஒருத்தரும் அங்கே இல்ல. ஒருத்தரும் இல்ல.”

ஒலிந்தா அவள் தோளைத் தொட்டாள்.

“அம்மா.”

“என்னடி?”

“மாமரத்துக்குப் பின்னால பாருங்க.”

சாலையின் மறுகோடியிலிருந்து, இன்னும் நனையாமல் இருந்த ஒற்றையடித் தடத்தில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதுகு வளைந்த ஒரு கிழவி. முனாம்பே ஊர்க்காரர்கள். அவர்கள் ஊர் தள்ளி இருந்தாலும் காற்று அந்தப் பக்கம் வீசினால் விசில் அங்கேயும் கேட்கும். பயிற்சி நாட்களில் அவர்களும் வந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து நடந்து வருவதால் எப்போதும் கடைசியாகத்தான் வருவார்கள். பெல்மிராவும் அவர்களுக்கென்று எப்போதும் கொஞ்சம் சோறு எடுத்து வைத்திருப்பாள்.

அவர்கள் மைதானத்துக்குள் வந்து, காலி இடத்தைப் பார்த்து, நடுவில் வரிசையாக உட்காரத் தொடங்கினார்கள்.

ஒலிந்தாவின் கை தானாகவே விசிலை எடுத்து உதட்டில் வைத்தது. மூச்சை இழுத்தாள்.

ஊதவில்லை.

இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். ஊதினால் இன்னும் ஆட்கள் அந்த மைதானத்துக்கே வருவார்கள்.

அவள் விசிலைக் கீழே இறக்கினாள். பக்கத்தில் அடெலினு உரிந்த கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே தண்ணீரின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். பெல்மிரா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கரையில் ஒரு சின்னப் பெண் மேட்டில் எரியும் அடுப்பைப் பார்த்துவிட்டாள். தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, அவர்களைப் பார்த்துச் சந்தோஷமாக ஆட்டினாள்.